ஆறாவது தலைமுறைப் பலகை

காலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள் அய்யா, பையில் இடிக்கிறது. இல்லை, உடைந்துவிடாது. உடைய வேண்டியதெல்லாம் உடைந்தாயிற்று. இருந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு நியாயத்துக்கு இதுதான் சாட்சி.

உள்ளே இருப்பது தாய்ப் பலகை. மதர்போர்டு என்றால் உங்களுக்குப் புரியும். என் மகளும் மதர்போர்டு என்றுதான் சொல்லுவாள். நான் தாய்ப் பலகை என்பேன். தமிழில் ஒரு சொல் இருக்கும்போது எதற்கு இன்னொருவனிடம் கை நீட்ட வேண்டும்? நான் அப்படியே பழகியவன். சிவகாசியில் அச்சுத் தொழிலாளர் சங்கம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? பரவாயில்லை. சிங்கராசு என்ற பெயர்? அதுவும் இல்லையா? சரி, இந்தக் காலத்தில் யாருக்கு எது நினைவிருக்கிறது.

நான்தான் சிங்கராசு. பள்ளிக்கூடப் படிப்பு அஞ்சாவதோடு முடிந்தது. மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. முதலில் மற்றவர்கள் எழுதியதை நான் வாசித்தேன். பிறகு நான் எழுதியதை மற்றவர்கள் வாசித்தார்கள். முதலாளிகளும் வாசித்தார்கள். என் நோட்டீஸ் வந்திருக்கிறது என்றால் முதலாளி காபியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுப்பார் என்று அவர் வீட்டுச் சமையல்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது இந்தப் பேருந்தில் மதுரைக்குப் போகிறேன். அங்கே ஒரு கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் போகிறேன். செத்த பலகையை என் தலையில் கட்டிவிட்டார். அதாவது, விஷயம் அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

என் மகள் பெயர் மேதினி. மே தினத்தன்று பிறந்ததால் அந்தப் பெயரை வைத்தேன். உண்மையில் மறுநாள்தான் பிறந்தாள், நான் ஊர்வலம் முடிந்து வந்து பதியும்போது முதல் தேதி என்று பதிந்துவிட்டேன். அவள் அம்மா இருந்தவரை அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாள் என்றா சொன்னேன்? சொல்லிக் காட்டுவாள். மேதினி வீட்டிலிருந்தபடியே காலண்டருக்கு டிசைன் போடுகிறவள். முருகன் பின்னால் மயில், மயில் பின்னால் மலை, கீழே கடைப் பெயருக்குக் கொஞ்சம் இடம். எனக்குச் சாமி கிடையாது. ஆனால் அவள் போடுகிற முருகன் நம்மைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

இவ்வளவு நாளும் அவள் வேலையை நடுவில் ஒரு ஏஜென்ட் வாங்கித் தன் பெயரில் கொடுத்துக்கொண்டிருந்தான். இந்த வருடம்தான் ஒரு அச்சகம் நேரடியாக அவளைக் கூப்பிட்டு, ஆல்பம் முழுக்க நீயே போட்டுக் கொடும்மா என்று சொன்னது. ஆடிப்பெருக்குக்குத்தான் எங்கள் ஊரில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளியாகும். அதற்குள் முடித்துவிட்டால் இனி வருடா வருடம் அவள் வேலைதான், அவள் பெயர்தான். மாப்பிள்ளை ஒருத்தன் இருந்தான், இப்போது இல்லை. இருக்கிறான், வேறு இடத்தில் இருக்கிறான். அதனால் அந்த வேலை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. வேலை நடந்துகொண்டே இருக்கும், பொட்டென்று அணையும். திரும்பப் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. மேதினி பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். பலகையில் குட்டிக் குட்டி டப்பா மாதிரி நிற்குமே, அதெல்லாம் தலை உப்பிப் போயிருந்தது. போர்டு மட்டும்தான்ப்பா போயிருக்கு, பிராசசர் நல்லாருக்கு, ரேம் நல்லாருக்கு, ஹார்டு டிஸ்க் நல்லாருக்கு, இதே மாடல் போர்டு ஒண்ணு கிடைச்சா மத்ததை அப்படியே மாட்டிக்கலாம் என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உறுப்பினர்கள் எல்லாரும் நல்லவர்கள், தலைமை மட்டும் உப்பிப் போய்விட்டது, அவ்வளவுதானே? இதே வார்த்தையை ஒருத்தன் மாநாட்டு மேடையில் பேசியிருக்கிறான். என்னைப் பற்றித்தான். அதற்கப்புறம்தான் சங்க அலுவலகத்தில் என் நாற்காலியை எடுத்தார்கள். அதை விடுங்கள்.

அந்த மாடல் பலகை இப்போது கம்பெனியிலிருந்து வருவதில்லை. பழசாகத்தான் தேட வேண்டும். எங்கள் ஊரில் ஒரே ஒரு கடையில் இருக்கிறது என்று மேதினி சொன்னாள். யார் கடை என்றேன். அவள் கழற்றிய தகட்டை எடுத்து மாட்டினாள். பிறகு, சௌந்தர் அண்ணன் கடை என்றாள்.

சௌந்தர் யார் என்று நீங்கள் கேட்க வேண்டும். தவசிலிங்கத்தின் மகன். தவசிலிங்கம் யார் என்றும் கேட்க வேண்டும். கருங்காலி.

இப்போது இந்தச் சொல்லின் அர்த்தமே போய்விட்டது. கருங்காலி மாலை என்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைகிறார்கள், போட்டால் யோகமாம். எங்கள் காலத்தில் அந்தச் சொல்லைச் சுவரில் எழுதினால் அந்தத் தெருவில் பெண் கொடுக்க மாட்டார்கள். போனஸ் வேலைநிறுத்தம் நடந்தபோது நாங்கள் எல்லாரும் முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறோம், தவசிலிங்கம் பின்வாசல் வழியாக உள்ளே போய் மிஷினை ஓட்டினான். வீட்டில் ஏதோ கஷ்டம் என்றான். யார் வீட்டில் கஷ்டம் இல்லை? நான்தான் நோட்டீஸ் எழுதினேன். தலைப்பே அவன் பெயர்தான். அன்றையிலிருந்து அவன் வீடு கருங்காலி வீடு, பையன் கருங்காலி மகன். ஒரு தொழிலாளி வர்க்கத்துக்கு ஞாபகசக்தி வேண்டும் அல்லவா? தவசிலிங்கம் செத்தபோது நான் துக்கத்துக்குப் போகவில்லை. கொள்கை அது.

அந்தக் கடை வாசலில் என் வீட்டுச் சாமான் போய் உட்காரக் கூடாது என்று மேதினியிடம் சொன்னேன். அவள், அப்பா, ஆடிப்பெருக்கு வருதுப்பா என்று மட்டும் சொன்னாள். நான், மதுரையில் இல்லாத பலகையா, நான் வாங்கி வருகிறேன், எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். மாடல் நம்பரைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பேசி வாங்குவது எனக்கு விடு என்றேன். எத்தனை பேச்சுவார்த்தை பார்த்தவன் நான்.

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். நியாயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

மதுரையில் பழைய கம்ப்யூட்டர் உதிரி விற்கிற கடை. கடைக்காரர் மரியாதையான ஆள் மாதிரிதான் தெரிந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். எத்தனாவது ஜெனரேஷன் பெரியவரே என்று கேட்டார். தலைமுறையைக் கேட்கிறார் என்று நினைத்து, எங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ், நான் அச்சாபீஸ், என் மக கம்ப்யூட்டர், ஆக மூணாவது என்றேன். என்ன சிரிக்கிறீர்கள்? அவரும் இப்படித்தான் சிரித்தார். பிராசசரைக் கேக்குறேன் பெரியவரே, நாலாவதா, ஆறாவதா, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் என்றார்.

போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தவன் எப்படி அய்யா போன் போடுவது? நாலா, ஆறா. நான் ஆறு என்றேன். ஏன் என்று கேட்பீர்கள். எந்தப் பேச்சுவார்த்தையிலும் நாங்கள் கூடுதலாகத்தான் கேட்போம். கூடுதலாகக் கேட்டு இறங்கி வரலாம், குறைவாகக் கேட்டு ஏற முடியாது. என் பழக்கம் எனக்கு. ரேம் பழசா என்றார். பழசு என்றேன். அதற்குத் தகுந்த மாதிரி ஒன்றை எடுத்துத் துடைத்து, மின்சாரம் கொடுத்து, திரையில் எழுத்து வருவதைக் காட்டிவிட்டுக் கொடுத்தார். பொருந்தலேன்னா அழுத்தாதீங்க, அப்படியே கொண்டாங்க, மாத்தித் தாரேன் என்றும் சொன்னார்.

அழுத்தாதீர்கள் என்று எனக்குச் சொல்கிறார். அரசாங்கத்தையே அழுத்திப் பணிய வைத்தவனிடம்.

வீட்டுக்கு வந்தால் மேதினி இல்லை. அச்சகத்தில் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், முருகன் திரையில் நிற்க வேண்டும், அவள் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டும். வேறு எந்த நோக்கமும் இல்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பையன் கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் மாட்டினான். நானும் பழைய பலகையைக் கழற்றினேன். ரேமைப் புதுப் பலகையில் வைத்தேன், உட்காரவில்லை, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன், டக்கென்று உட்கார்ந்தது. ஆக, அழுத்தினால்தான் உட்காரும் என்று தெரிகிறதா இல்லையா?

பிராசசர் சின்ன வில்லை. அது படுக்கவில்லை, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. மேலே ஒரு கம்பி இருக்கிறது, அதை இறக்கிப் பூட்ட வேண்டும். இறங்க மறுத்தது. எதிர்ப்பு இருக்கிற இடத்தில்தான் அழுத்தம் வேண்டும். அழுத்தினேன். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கம்பி இறங்கிவிட்டது. பூட்டிவிட்டேன். ஸ்விட்சைப் போட்டேன்.

அந்த வாடையை எப்படிச் சொல்வது? ரப்பர் எரிகிற வாடை மாதிரி, ஆனால் அதைவிட மெல்லியது. ஜன்னலைத் திறந்துவிட்டு விசிறியை வேகமாக வைத்தேன்.

மேதினி வந்தாள். வாசலிலேயே, அச்சகத்தில் அவகாசம் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். மதுரைக்காரன் செத்த போர்டைத் தலையில கட்டிட்டாம்மா என்று.

அது பொய்யா? யோசித்துச் சொல்லுங்கள். எங்களுடையது நாலாவது, பொருந்தாத ஒன்றைத்தானே கொடுத்தார்? ஒரு பொருள் என்றால் யார் கை பட்டாலும் தாங்க வேண்டாமா? இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அவர் பக்கம்தான் போகும். நான் பல விதமாகக் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் நான் டீக்கடையிலிருந்து வருவதற்குள் மேதினி கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சௌந்தர் கடைக்குப் போய்விட்டாள். கேட்காமல் போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன். ஆனால் படியேறவில்லை. வெயிலில், சாக்கடை ஓரமாக நின்றேன். சௌந்தர் மூடியைக் கழற்றினான், கம்பியைத் தூக்கினான், வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பலகைக்குள் குனிந்து பார்த்தான். அந்த இடத்தில் எறும்பு மீசை மாதிரி பின்கள் வரிசையாக நிற்க வேண்டும். அதெல்லாம் மழையில் சாய்ந்த நெல் மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

மேதினி, என்னண்ணே ஆச்சு என்று கேட்டாள்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னான். "வரும்போதே பின்னு வளஞ்ச போர்டும்மா. கடைக்காரர் பாக்காமக் குடுத்துட்டார் போல. அதுல மாட்டுனதால பிராசசரும் போயிருச்சு."

பிறகு என்னிடம், உள்ள வாங்க அண்ணாச்சி, வெயில்ல நிக்கீங்களே என்றான்.

நான் உள்ளே போகவில்லை. எப்படிப் போவது?

சௌந்தரிடம் போர்டு இருந்தது, அதில் மாட்ட பிராசசர் இல்லை, அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அவகாசம் முடிந்து ஆல்பம் வேலை கை மாறிவிட்டது. அந்தப் பழைய ஏஜென்டிடமே போய்விட்டது. மேதினி அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். இப்போது அவள் சௌந்தர் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆல்பம் வேலை தாங்காத அவனுடைய சின்னக் கம்ப்யூட்டரில் தன் ஹார்டு டிஸ்கை மாட்டி, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் போடுகிறாள். சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய் நான் படியில் வைத்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் அவள் இல்லாத நேரம் பார்த்து அவனிடம் கேட்டே விட்டேன். எதற்குடா பொய் சொன்னாய் என்று. அவன் கழுத்தில் கருங்காலி மாலை கிடந்தது. என்ன திமிர் பாருங்கள். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, பேரை நீங்க குடுத்துட்டீங்க, மாலையை நானே வாங்கிக்கிட்டேன் அண்ணாச்சி என்றான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்.

"அப்பாவைப் பத்தி ஊரு சொல்றதைக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போயி அதே அப்பாகூட உக்காந்து சாப்புடுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது வேணாம்."

கருங்காலி மகன் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அதுதானே முறை? காட்டிக் கொடுத்திருந்தால் அவனைப் பற்றி ஒரு நோட்டீஸ் எழுதிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் வாயை மூடிக்கொண்டான். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று எவ்வளவோ தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இப்போது அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். சாப்பாட்டுத் தூக்கை மட்டும் கொண்டுபோய் வைப்பேன். அது வேறு.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பேருந்தில் ஏறியிருக்க மாட்டேன். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேதினி கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். அப்போது சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டீங்க. எனக்காக ஒரு தடவை கேளுங்கப்பா. அந்த மதுரைக்காரரைச் சும்மா விடாதீங்க."

போவோம்மா என்றேன். அவள் பிறந்தபோது ஊர்வலத்துக்குப் போன நான் வீடு திரும்பியிருக்கவில்லை. அவள் வயசுக்கு வந்தபோது ஜெயிலில் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் பிரச்சினை வந்தபோது கூட, குடும்பச் சண்டையில் சங்கத்துக்காரன் தலையிடக் கூடாது என்று ஒதுங்கிவிட்டேன். ஒரு தடவைகூட அவள் என்னிடம் இது வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்தாள் பாருங்கள், இதைக் கேட்டாள்.

போவோம் போவோம் என்று நாளைக் கடத்தினேன். அப்படியானால் ஒரு நோட்டீஸ் எழுதுங்க, நான் டிசைன் போட்டுத் தாரேன், அந்தக் கடை வாசல்ல குடுப்போம் என்றாள். எவ்வளவு ஆர்வமாகச் சொன்னாள் தெரியுமா? என்னோடு சேர்ந்து ஒரு நோட்டீஸ். பேனாவை எடுத்தேன். 'உழைக்கும் பெண்ணின் வயிற்றில் அடித்த' என்பது வரைக்கும் தண்ணீர் மாதிரி வந்தது. அடுத்தது கடைப் பெயர் எழுத வேண்டும். கை நின்றுவிட்டது. தவசிலிங்கம் பெயரை எழுதும்போது நிற்காத கை. வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு, நேரில் போய்க் கேட்கிறேன் என்று பலகையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருமங்கலம் தாண்டிவிட்டோமா? அப்படியானால் மதுரை வந்துவிடும், சீக்கிரம் சொல்லிவிட வேண்டும்.

அவள் சும்மா அனுப்பவில்லை அய்யா. பேருந்து நிற்கும் இடம் வரை வந்தாள். கடைக்குள் நுழைந்ததும் எனக்கு போன் பண்ணுங்க, கட் பண்ணாமப் பையிலயே வச்சுக்கங்க, நீங்க பேசுறதை நான் கேக்கணும் என்றாள். சின்ன வயதில் என் கூட்டத்துக்கு அவளை ஒரு தடவைகூட அழைத்துப் போனதில்லையாம். நான் எப்படிப் பேசுவேன் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்களாம், அவள் மட்டும் கேட்டதே இல்லையாம்.

அந்தக் கடைக்காரரிடம் போய் நான் எப்படிச் சத்தம் போடுவது? டீ வாங்கிக் கொடுத்த மனுஷன். அழுத்தாதீர்கள் என்று சொன்ன மனுஷன். பையைத் திறந்த உடனே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சௌந்தர் மாதிரி அவரும் வாயை மூடிக்கொள்வார் என்று என்ன நிச்சயம்? மூடிக்கொண்டால் மட்டும் என்ன? நான் இன்னும் எத்தனை பேருக்குக் கடன்பட முடியும்? போகாமல் திரும்பவும் முடியாது. அவள் காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களைப் பார்த்தால் நிதானமான ஆளாகத் தெரிகிறது. குரலும் ஒரு கடைக்காரர் குரல் மாதிரியே இருக்கிறது. இறங்கியதும் நிலையத்தில் ஒரு ஓரமாக நிற்போம், கூட்டச் சத்தத்தில் கடைத்தெரு என்றுதான் அவள் நினைத்துக்கொள்வாள். நான் அவளுக்கு போன் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். பிறகு உங்களைப் பார்த்துப் பேசுவேன். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெண் தனியாக நின்று உழைத்ததை எல்லாம் சொல்லுவேன். முருகன் நம்மைப் பார்க்கிற மாதிரி இருப்பதைச் சொல்லுவேன். அவகாசம் கிடைத்து அவள் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்ததைச் சொல்லுவேன். உன்னால்தானே எல்லாம் போயிற்று என்று கேட்பேன். நன்றாகக் கேட்பேன். நான் பேசியதிலேயே அதுதான் நல்ல பேச்சாக இருக்கும், பாருங்கள்.

நீங்கள் எதிர்த்து ஒன்றும் பேச வேண்டாம். தலையைக் குனிந்து நின்றால் போதும். நான் நிறுத்தியதும், அவளுக்குக் கேட்கிற மாதிரி, "தப்புதான் அய்யா, என் தப்புதான்" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அவ்வளவுதான். நீங்கள் யாரோ, அவள் யாரோ, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என்ன அய்யா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்? ஒரு வார்த்தை. சொல்வதற்கு அவ்வளவு கஷ்டமான வார்த்தையா அது?